தலைக்கு இருநூற்று நாற்பது

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
வெயில் விழாத பக்கத்தில் புதிதாய்த் திறந்திருக்கிறது.
வெளியே பலகை:
எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்.
அதன் காலடியில் சின்ன எழுத்தில்:
தட்டில் மிச்சம் வைத்தால் ஐம்பது ரூபாய்.

போனஸ் கிடைத்த சனிக்கிழமை
அண்டி ஆபீசிலிருந்து நாலுபேர் போனோம்.
ரோசிலெட், கனகபாய், ஷைபி, நான்.
காலையில் ஒருத்தியும் கஞ்சி குடிக்கவில்லை.
கனகபாய் முந்தின ராத்திரியே பட்டினி.
"குடுக்குற பைசா மொதலாகணும்லா."

இலை இல்லை.
வெள்ளைத் தட்டு, தொட்டால் சுட்டது.
பரிமாற ஆள் வரவில்லை.
கல்யாண வீட்டில்
இலைக்குக் குறுக்கே கைவைத்துப்
போதும் போதும் என்றே வளர்ந்தவள் நான்.
இங்கே போதும் என்று யாரிடம் சொல்ல?
கரண்டி என் கையில் இருக்கிறது.
முதல் தடவை
ஒரு அப்பளமும் கொஞ்சம் சோறும் எடுத்துக்கொண்டு
திரும்பி வந்துவிட்டேன்.

மூடியைத் திறந்ததும் ஆவி ஏறி
கனகபாயின் கண்ணாடி வெளுத்துப்போனது.
குருடியைப் போல நின்று மோப்பம் பிடித்தாள்:
"கோழி. இது கோழி. அங்க என்னட்டி?"

வரிசையில் முன்னால் நின்றவள்
என் விரல்களைப் பார்த்தாள்.
தோட்டெண்ணெய் பட்ட கறுப்பு,
சோப்புக்கும் சாம்பலுக்கும் போகாது.
அழுக்கில்லை என்று சொல்லியிருப்பேன்.
அவள் கேட்கவில்லை.

ஒரு சட்டியில் மரச்சீனிக் கிழங்கு, பக்கத்தில் மீன்கறி.
ஷைபி சிரித்தே விட்டாள்:
"ஏட்டி, இதத் திங்க பஸ்ஸேறி வரணுமா?"
மூன்றாம் தடவை எழுந்து போனவள்
அதைத்தான் அள்ளி வந்தாள்,
எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றாள்.

நெய்ச்சோற்றில் அண்டிப்பருப்பு கிடந்தது.
ரோசிலெட் தரம் பிரிக்கிறவள்.
ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.
"துண்டு. அதுவும் கருவினது."
வெள்ளை முழுசு எல்லாம் கப்பலேறிவிடும்,
எங்களுக்குத் தெரியும்.
பன்னிரண்டு வருசமாகத் தோலுரிக்கிறேன்.
சாயங்காலம் கேட்டில்
டிபன் டப்பாவைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு.
வெளிச்சத்தில், நாலுபேர் பார்க்க,
வாயில் போட்டு மெதுவாகக் கடித்தது
அன்றைக்குத்தான்.

பிறகு சோறு வேண்டாம்.
கரண்டியால் துழாவித் துழாவிப்
பருப்பை மட்டும் பொறுக்கினோம்.
நாலு தோளும் ஒரே அண்டாவுக்கு மேல்.
பனியன் போட்ட வடக்கத்திப் பையன் பயந்துபோய்
சூப்பர்வைசரைக் கூட்டி வந்தான்.
"என்னக்கா, சோத்துல வல்லதும் கெடக்கா?"
"சோறு கொள்ளாம்," என்றாள் ரோசிலெட்,
"பருப்புலதான் ஒன்ன ஏமாத்திப்போட்டானுவ.
கிலோ என்ன வெலைக்கு வாங்கின?"
அவர் சொன்னார்.
அவள் தலையில் கைவைத்தாள்.
நல்ல விலை எது என்று அவள் சொல்ல
அவர் பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.
"ஒங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"
ரோசிலெட் விரல்களை விரித்துக் காட்டினாள்.

கடைசியில் மூன்று குலாப் ஜாமூன்
கனகபாயின் தட்டில் மிஞ்சியது.
யாருக்கும் மூச்சு விட இடமில்லை.
ஐம்பது ரூபாய்க்கு எத்தனை கிலோ உரிக்கவேண்டும் என்று
தனித்தனியே மனசில் கணக்குப் போட்டோம்.
ஆளுக்கொன்று தின்றோம், அவளைத் தவிர.
அவள் பாகைக் குடித்தாள்.

வாசலில் காக்கிச்சட்டைக் காவலாள்.
பழக்கதோசம்,
கனகபாய் நேரே போய் அவர் முன்னால்
பையை விரித்து நீட்டினாள்.
குடை. பஸ் பாஸ். கொந்தை.
காகிதத்தில் சுற்றின ரெண்டு பொரித்த சாளை,
எண்ணெய் வெளியே ஊறி.

எங்களுக்கே அப்போதுதான் தெரியும்.
அவளும் மறந்திருந்தாள்.

காவலாள் பைக்குள் பார்த்தார்.
பாலத்தின் நுனியில் கறுத்த வானத்தைப் பார்த்தார்.
"மழ வருது," என்றார்,
"குடைய வெளிய எடுத்துட்டு
பைய மூடும்மா."