இடது பக்கம் கால் இஞ்சு

முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை,
டேப்பு.
கல்மண்டபம் டெய்லர் ஜீனத்
பிளவுசுக்குக் கழுத்து எடுக்கும்போது சொன்னாள்:
'இந்தப் பக்கம் கால் இஞ்சு கூட வருதுக்கா,
நேரா நில்லு.'
நேராகத்தான் நின்றேன்.

ஸ்டான்லியில் சீட்டு.
பின்னால் நின்று கழுத்தைப் பிடித்த டாக்டரம்மா
'தண்ணி முழுங்குங்க' என்றாள்.
முழுங்கினேன். அது ஏறி இறங்கியது,
மாடிப்படியில் யாரோ போய் வருவது மாதிரி.
'இன்னொரு வாய்.'
வெளியே தேசப்பன் கேட்டார், 'இன்னான்றாங்க?'
'தண்ணி குடிக்கச் சொன்னாங்க.'
அவ்வளவுதானா என்று
பீடி வாங்கப் போனார்.

ஊசிக்கு வியாழக்கிழமை.
தோளுக்கடியில் தலையணை, தலை பின்னால் தொங்க,
மேலே ஃபேன்.
மூன்று இறக்கையில் ஒன்று மட்டும் புதுசு.
சில்லென்று ஜெல்.
திரையில் மழைநாள் டிவி மாதிரி சாம்பல் புள்ளிகள்,
நடுவில் கறுப்பாய் ஒன்று,
புளியங்கொட்டை அளவு.
'முழுங்காதீங்க. பேசாதீங்க. இருமாதீங்க.'
போன வாரம் முழுங்கு என்ற அதே வாய்.
வேண்டாம் என்றால்தானே
எச்சில் ஊறும்.

என் வேலை இறால் உரிப்பது.
காசிமேட்டில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்,
கிலோ கணக்கில் கூலி.
தலை கிள்ளி, ஓடு கழற்றி,
முதுகில் ஊசி கொடுத்து
அந்தக் கறுப்பு நரம்பை
அறாமல் இழுக்கணும்.
பதினெட்டு வருசம்.
எனவே படுத்தபடி
அவள் மணிக்கட்டைத்தான் பார்த்தேன்.
சிரிஞ்சு கூட இல்லை, வெறும் ஊசி.
உள்ளே போய், வெளியே வராமலே
முன்னும் பின்னும், முன்னும் பின்னும்.
நல்ல கை.
எங்கள் கொட்டகையில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு சொட்டு. அதுகூட முழுசாக இல்லை.
கண்ணாடியில் வைத்து
இன்னொரு கண்ணாடியால் இழுத்தார்கள்.
ஒன்று ஸ்பிரிட் ஜாடிக்குள்;
இன்னொன்றைக் காயட்டும் என்று
ட்ரெய்னிப் பையன் விசிறிக்கொண்டு நின்றான்.
ஓரத்தில் என் நம்பர், பென்சிலால்.
பேனா என்றால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடுமாம்.

முதல் ரிப்போர்ட்:
ரத்தம்தான் இருக்கு, செல் போதலை, திரும்ப வாங்க.
நாற்பத்தொரு வருசமாய்ச் சுமக்கிற உடம்பு,
போதலையாம்.

இரண்டாம் முறை மூன்று குத்து.
மூன்றாவதில் காதுக்குள் வலித்தது.
குத்தியது கழுத்தில், வலித்தது காதில்.
யாரிடம் கேட்பது,
பேசக்கூடாதே.

பத்து நாள்.
பக்கத்து வீட்டு அற்புதம் அவள் நாத்தனார் கதை சொன்னாள்.
பாதியில் நிறுத்தி, 'அது வேற கட்டி' என்றாள்.

ரிப்போர்ட்டில் நம்பர் மூணு.
'மொத்தம் ஆறு இருக்கும்மா.
ரெண்டுன்னா பயமில்ல. ஆறுன்னா கேன்சர்.'
'மூணுன்னா?'
டாக்டரம்மா பேனாவை மூடினாள், திறந்தாள்.
'செல்லு ஒரு மாதிரி இருக்கு.
இன்னதுன்னு சொல்ல முடியல.
மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுத்துப் பாப்போம்.'

எனக்குப் புரிந்தது.
எங்களிடமும் ஒரு தட்டு உண்டு.
கெட்டதும் இல்லை, கப்பலுக்கும் இல்லை.
சூப்பர்வைசர் எடுத்து முகர்ந்து பார்ப்பார்,
வைத்துவிட்டுப் போவார்.
அடுத்த ஆள் வந்து முகரும்வரை
அது ஐஸில் கிடக்கும்.

தேசப்பனுக்கு அப்படிச் சொல்லிப் பார்த்தேன்.
பீடியை அணைத்தார்.
கையைக் கொண்டுவந்து, தொடாமல்,
'எங்க, முழுங்கு பாக்கலாம்' என்றார்.
வெறும் வாயை முழுங்கினேன்.

சனிக்கிழமை பிளவுசு வாங்கப் போனேன்.
கழுத்து கச்சிதம், இரண்டு பக்கமும்.
ஜீனத் ஒன்றும் கேட்கவில்லை.
உள்பக்கம் திருப்பி
தையலோரம் விரலால் காட்டினாள்:
'இங்க துணி விட்டு வெச்சிருக்கேன்கா.
பிரிக்கணும்னாலும் பிரிக்கலாம்,
புடிக்கணும்னாலும் புடிக்கலாம்.'
நூற்றைம்பது ரூபாய்.
பத்து குறைத்துக்கொண்டாள்.