பதினோராவது ஷரத்து

துறைமுகம் ராணிக்கு.
துறைமுகத்துக்குப் போகிற பாதை ராஜாவுக்கு.
பொள்ளாச்சிச் சந்தைப்பேட்டையில்
தராசு மட்டும் என் கையில்.

மூன்று நாளாகப் பங்களாவில் பேச்சு.
கொச்சித் துறையிலிருந்து வந்த துரைக்கு
எங்கள் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை.
சுக்குக் கஷாயக் கோப்பையைக் கையிலிருந்து இறக்காமலே பேசினார்.
ராஜாவின் காரியக்காரர் இட்டுண்ணி மேனோன்
ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும்
குடுமியை அவிழ்த்து முடிந்துகொண்டார்.
பொதிக்கு இத்தனை என்றார் இவர்,
கண்டிக்கு இத்தனை என்றார் அவர்.
உப்பில் விட்டுக்கொடுத்தால் மிளகில் பார்க்கலாம் என்று
துபாஷி திருமலைராயன் இரண்டு பக்கமும் சொல்லி
இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார்.

வெளியே தாராபுரம் ரஸ்தா நெடுக
நுகத்தடி இறக்கிய வண்டிகள்.
தீர்வை முடிவாகாமல் ஒரு சக்கரம் நகரக்கூடாதாம்.
"இவங்க பேசி முடிக்கறதுக்குள்ள
என்ற காளை கெழடாயிருமுங்க"
என்றான் சின்னதாராபுரத்து நாச்சப்பன்.

கடைசியில் எடையில் வந்து முட்டியது.
சோதனைக்கென்று, சிப்பாய் காவலோடு
அனுப்பிய ஒரே ஒரு புகையிலைப் பொதி.
இங்கே நிறுத்தபோது நாலு மணங்கு.
கொச்சிச் சீமை, சித்தூர்ச் சவுக்கையில்
நாலு மணங்கும் ரெண்டு வீசையும்.
"உங்கள் தராசு பொய்" என்றார் மேனோன்.
"உங்கள் படிக்கல் பொய்" என்றார் துரை.

என்னைக் கூப்பிட்டார்கள்.
செருப்பை வாசலில் விட்டுப் போய் நின்றேன்.
தராசும் நெசந்தானுங்க, கல்லும் நெசந்தானுங்க.
ஆடி மாசம். கணவாயில ஈரக்காத்து.
எல குடிக்குதுங்க.
குடிச்சதுதான் அந்த ரெண்டு வீசை.

துபாஷி அதை இங்கிலீஷில் சொன்னதும்
துரை கோப்பையைக் கீழே வைத்தார்.
"காற்று எங்கள் கடலிலிருந்து வருகிறது."
"எங்கள் மண்மேல் அல்லவா வருகிறது?"
விளக்கேற்றும்வரை காற்றைப் பிடித்து இழுத்தார்கள்.
பிறகு எழுதினார்கள்:
காற்றினால் கூடும் எடையில்
பாதிக்குத் தீர்வை உண்டு, பாதிக்கு இல்லை.
சாட்சி என்று என் பெருவிரலையும்
மசியில் தோய்த்து வாங்கிக்கொண்டார்கள்.

பன்னிரண்டு வருஷமாக அந்த ரெண்டு வீசையை
சித்தூர் எடைக்காரன் குட்டப்பன் உருவி வைப்பான்.
சீட்டில் நாலு, கிடங்கில் நாலு.
யாருக்கும் குறைந்ததில்லை.
மாசி பிறந்தால் அவன் பங்கு போக என் பங்கு
தேங்காய் வண்டியில் வந்து சேரும்.
என் வீட்டு ஓடு அந்தக் காற்றில் வேய்ந்தது.
வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.
தராசு பொய் என்று சொல்லிவிட்டார்கள்,
பொறுக்கவில்லை.

இருட்டில் வண்டிகள் பூட்டுகிற சத்தம்.
நாச்சப்பன் கேட்டான்: "என்னதான் முடிவுங்க?"
"காத்துல பாதிக்கு வரி."
மேற்கே முகத்தைக் காட்டிக் கொஞ்சம் நின்றான்.
அப்புறம் கேட்டான்:
"எந்தப் பாதிக்குங்க?"