சேர்ந்து திட்டமிடுதல்

வினாத்தாளின்படி ஹாம்பர்க்கில்
எங்களுக்கு ஒரு சனிக்கிழமை.
நிஜத்தில் இது ஞாயிறு.
இரவுப் பணி முடிந்த கையோடு
சீருடையைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு
ஏற்காட்டுப் பேருந்தில் ஏறிவிட்டோம்.

விதி இதுதான்:
ஒருத்தி யோசனை சொல்ல வேண்டும்.
மற்றவள் மறுக்க வேண்டும்,
மரியாதையாக, காரணத்தோடு.
கடைசியில் இருவரும் ஒத்துப்போக வேண்டும்.
நான்கு நிமிடம்.
சும்மா தலையாட்டினால் மதிப்பெண் போகும் என்பார்
ஐந்து ரோட்டில் மூன்றாம் மாடியில்
பாடம் எடுக்கும் பியூலா மிஸ்.
எங்களுக்கு அதுதான் வராத பாடம்.

ஆறாவது கொண்டை ஊசி வளைவில்
அமுதரசி தொடங்கினாள்:
துறைமுகம் பார்க்கலாமா, கப்பலில் போய்?
எனக்குக் கப்பலில் குமட்டும் என்றேன்.
பேருந்திலேயே குமட்டிக்கொண்டிருந்ததால்
உச்சரிப்பு அச்சாக வந்தது.
அப்படியானால் இன்னொரு நாள் தங்கி
ஞாயிறு விடியலில் மீன் சந்தை?
விடுமுறையில் அவ்வளவு சீக்கிரம் யார் எழுந்திருப்பது
என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன்.
எழுவதற்குத் தூங்கியிருக்க வேண்டும் முதலில்.
முன் இருக்கைக்காரர் திரும்பி
மலையாளமா என்றார்.
ஆமாம் சார் என்றாள் அமுதரசி.

ஏரியில் மிதிபடகு.
யாரோ வியர்த்த ஆரஞ்சு மிதவைச் சட்டை.
அவர்களுக்கு ஏரி ஆண்பால்.
அதே சொல், ஓர் எழுத்தும் மாறாமல்
பெண்பாலானால் கடல்.
சிறுமியோ அஃறிணை.
ஏன் என்று கேட்கக் கூடாது, மனப்பாடம்.
‘ரெண்டு பொம்பளைங்க இறங்கியாச்சுல்ல,
இனிமே இது கடல்தான்’
என்று மிதித்தாள் அவள்.
கடல் போய்
தேனிலவுத் தம்பதியின் படகில் முட்டியது.
மாப்பிள்ளை முறைத்தார். பெண்
செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் விட்டாள்.

லேடீஸ் சீட்டில்
உட்கார இடமில்லை. எல்லாம் ஆண்கள்,
கையை நீட்டித் தங்களையே படம்பிடித்தபடி.
தொலைநோக்கிக்காரரிடம் காசு கொடுத்து
அமுதரசி சேலத்தைத் தேடினாள்.
அதோ நம்ம ஆஸ்பத்திரி, வெள்ளையா!
நான் பார்த்தேன்.
அது வெள்ளைக்கல் சுரங்கத்து மண்மேடு.
சொல்லவில்லை.

மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு
தாளில் மீதியிருந்த குறிப்புக்கு வந்தோம்:
மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?
ஆற்றுக்கு அடியில் ஒரு நடைபாதைச் சுரங்கம் இருக்கிறது,
தலைக்கு மேல் கப்பல் போகும்,
மழை எட்டாது, வா, என்றேன்.
எனக்கே பெருமையாக இருந்தது,
அத்தனை நீள வாக்கியம்.

அவள் சொன்னாள்:
‘மன்னிக்கவும். அந்தச் சனிக்கிழமை
என்னால் வர முடியாது.’

பிழையே இல்லை.
வினை கடைசியில், தமிழில் போலவே.
காரணத்துக்காகக் காத்திருந்தேன்.
புத்தகத்தில் மூன்று உண்டு:
பணி, உறவினர் பிறந்தநாள், பல்வலி.
அவள் பஜ்ஜியின் எண்ணெயைச்
செய்தித்தாளில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் கவிழ்த்து வைத்த போன்.
காலையிலிருந்து மூன்று முறை
ஓமலூரிலிருந்து அது அழைத்தது;
மூன்று முறையும் கவிழ்த்தே வைத்தாள்.

பனி மேலேறி வந்து
மேட்டூர்ப் பக்கத்தை முதலில் எடுத்தது,
பிறகு ஜங்ஷனை,
பிறகு நாங்கள் நம் ஆஸ்பத்திரி என்றதை.
தொலைநோக்கிக்காரர் துணி போட்டு மூடினார்.

காரணம்? என்றேன், ஜெர்மனில்.
‘யோசிச்சுச் சொல்றேன் டி’
என்றாள், தமிழில்.
தமிழில் ஒரு சொல் வந்தாலும்
நான்கு நிமிடமும் வீண்.

இறங்கும்போது வளைவுப் பலகைகளை
ஜெர்மனில் எண்ணிக்கொண்டு வந்தோம்,
இருபதிலிருந்து கீழே.
பதினேழில் அவள் குரல் நின்றது.
என் தோளில், வாய் திறந்து, கனமாகத் தூங்கினாள்.
மடியிலிருந்த போன் மறுபடி அதிர்ந்தது.
நானே கவிழ்த்தேன்.

பதினாறு.
பதினைந்து.
தாளின் கடைசிக் குறிப்பு:
டிக்கெட்டை யார் எடுப்பது?
எடுத்திருந்தேன், இரண்டு.
ஈரக் கையில்
மை அழிந்துகொண்டிருந்தது.
பதினான்கு.