நிற்கத் தெரியாத கார்

காலை எடுத்தால் செத்துவிடுகிறது.
துறைமுக முக்கில், சிவப்பு விளக்கில்,
நேற்றும் அங்கேதான்.
பின்னால் நின்ற பேருந்துக்காரர்
ஹாரன் அடிக்கவில்லை, துர்க்கு அல்லவா,
விளக்கை ஒரே ஒருமுறை சிமிட்டினார்.
அது இன்னும் மோசம்.

எண்பத்தெட்டாம் வருடத்து சாப் தொள்ளாயிரம்.
ஓடும்போது ஒரு குறை சொல்ல முடியாது.
நிற்கச் சொன்னால்தான் முள்
ஆயிரத்து நானூறுக்கு ஏறும், அறுநூறுக்குச் சரியும்,
மறுபடி ஏறும்,
கண்ணாடியைத் தொலைத்தவர் மேஜையைத் தடவுவதுபோல.

பூஜ்யத்துக்குக் கீழே பதினாலு.
கராஜில் ஒரு பல்பு.
ஆக்ஸிலேட்டரை யாரும் தொடாத நேரத்தில்
எஞ்சினுக்குக் காற்று ஊட்டும் வால்வு,
டார்ச் பாட்டரி பருமன்.
சந்தேகமே இல்லாமல் அதைப் பிடித்தேன்.

சாவியைத் திருப்பி விரல் வைத்தால்
உள்ளே வண்டு ரீங்காரம். உயிர் இருக்கிறது.
மீட்டரில் ஓம் கணக்கும் சரி.
கழற்றி, கிளீனர் பீய்ச்சி,
கறுப்புச் சாறு வடிய வடியக் குலுக்கி
மாட்டினேன்.
ஏறியது. சரிந்தது. செத்தது.

ஸாலோவில் பழைய கார் உடைக்கும் வேய்க்கோ
இன்னொன்று தந்தான், நாற்பது யூரோ.
"திருப்பிக் கொண்டுவராதே, ஹில்க்கா."
அதுவும் ஏறியது, சரிந்தது.

எரிச்சலில் கிளீனரை எங்கோ அடித்தேன்.
எஞ்சின் திடுக்கென்று சுருதி கூட்டியது.
அதே இடத்தில் மறுபடி. மறுபடி கூட்டியது.
சுண்டுவிரல் பருமனில் ஒரு ரப்பர் முழங்கை,
மேலே பார்த்தால் புதுசு,
அடியில் நகம் கீறியதுபோல் வெடிப்பு.
கணக்கில் வராத காற்று அதன் வழியே போக,
வால்வு அதற்கு ஈடுகட்ட
மூடி, திறந்து, மூடி, திறந்து...
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

புதுக் குழாயின் கிளாம்பை இறுக்கும்போதுதான் பார்த்தேன்:
த்ராட்டில் திருகின் மஞ்சள் முத்திரை உடைந்திருக்கிறது,
தலையில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய பளபளப்பு.
எந்த மடையன் என்று வாயெடுத்தேன்.

போன நவம்பர். மழை. இதே முக்கு.
கைப்பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது.
அரைச் சுற்று.

அந்த அரைச் சுற்றைத் திருப்பிக் கொடுத்தேன்.
பழைய வால்வே போதும்;
நாற்பது யூரோ இழுப்பறையில் தூங்கட்டும்.

கதவை அகலத் திறந்து வைத்து உட்கார்ந்தேன்.
எண்ணூற்று ஐம்பது. முள் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.
எங்கேயும் போகவில்லை.
இரு கால்களையும் தரைவிரிப்பில் ஊன்றிக்கொண்டு
பெட்ரோலை வீணடித்தேன்,
இரண்டாம் மாடி ரைலி
ஜன்னலைத் தட்டும்வரை.