பதின்மூன்றாவது குப்பி

பன்னிரண்டு குப்பிகளில் வாவி.
பதின்மூன்றாவதில் ஒன்றுமில்லை:
காய்ச்சி வடித்த நீர்,
இடத்தின் பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு.

பாலமீன்மடுவில் தொடங்கினோம், விடிய ஐந்தரைக்கு,
கிறகோரியின் தோணியில்.
புவிதரனுக்கு மீன்கள் தெரியும், நீந்தத் தெரியாது.
ஜெஸீலாவுக்கு உப்பும் அமிலமும்.
எனக்கு எண்கள். அதனால் அணியத்தில் குந்தியிருந்து
நேரத்தை மட்டும் எழுதினேன்.

"மீனப் பிடிக்காம மீன எண்ணுற வேலையாகா?"
கிறகோரி சிரிக்காமல்தான் கேட்டார்.
செதில் உதிரும், சளி கரையும், கழிவு கலக்கும்,
போன மீன் முழுதாய்ப் போவதில்லை,
கொஞ்சம் தண்ணீரில் நிற்கும் என்றான் புவிதரன்.
"அப்ப இறால் எங்க போச்செண்டும் சொல்லுமா?"

நாங்கள் மூவரும்
மண்முனைப் பாலத்தைப் பார்க்கத் தொடங்கினோம்.

வந்தாறுமூலையில் எங்களுக்கு ஓர் அறை,
மூன்று துறைகளிடம் கெஞ்சி வாங்கியது.
விலங்கியல் மேசை தந்தது. இரசாயனவியல்
பாதி வேலைசெய்யும் குளிரூட்டி தந்தது.
கணிதம் என்னைத் தந்தது.
யாருடைய பூட்டு என்று முடிவாகாததால்
கதவு ஒருநாளும் பூட்டப்பட்டதில்லை.

வடிதாளில் வாவி தேத்தண்ணி நிறத்தில் படிந்தது.
ஜெஸீலா அதை உடைத்தாள், கழுவினாள், பெருக்கினாள்:
ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக,
முப்பத்தைந்து தரம்.
இருபத்தொன்பதாம் தரத்தில் கரண்ட் போனது.

பிறகு, மறுபடி முதலிலிருந்து.

கொழும்புக்கு அனுப்பி வாசித்து வந்தவை
இருபது இலட்சம் வரிகள்.
நான்கே எழுத்து. மெய்யுமில்லை, உயிருமில்லை,
மூச்செடுக்க ஓர் இடைவெளிகூட இல்லை.
கணினி எருமைபோல் மூச்செறிய
ஒவ்வொன்றுக்கும் பெயர் தேடவிட்டேன்.
மணலை. கொடுவா. ஓரா. திலாப்பியா.
முதலை, இரண்டு இடத்தில்.
மாடு, எல்லா இடத்திலும்.
பட்டிருப்பில் நிறையக் கோழி.
மனிதர் வந்தால் கழித்துவிட வேண்டும், அது விதி;
கழித்தேன், எங்களையும் சேர்த்து.

வவுணதீவில் ஒரு சுறா.

புவிதரன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.
இவ்வளவு உள்ளே, இவ்வளவு உப்புக் குறைந்த நீரில்,
எவரும் எழுதிவைக்காத சுறா!
கட்டுரைக்குத் தலைப்பு அன்றிரவே பிறந்துவிட்டது.
யார் பெயர் முதலில் என்பதில்
சின்னதாய் ஒரு மௌனம் வந்து போனது.

நான் ஒழுங்குக்காகக் கடைசி நிரலைத் திறந்தேன்.

பதின்மூன்றாவது. ஒன்றுமில்லாத நீர்.
அதிலும் சுறா.
நானூற்றுப் பதினாறு வரிகள்,
வவுணதீவைவிட அதிகம்.

வெகுநேரம் விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு ஜெஸீலா தன் பையைப் பார்த்தாள்.
செவ்வாய்க்கிழமை. கரண்ட் போன மதியம்.
ஏறாவூரிலிருந்து உம்மா கட்டித்தந்த சுறாப்புட்டு.
மூவரும்தான் தின்றோம், இந்த மேசையில்,
காத்திருக்கிற நேரம் வீணாகக்கூடாது என்று.

"நான் கை கழுவினன்," என்றாள்.
"நானும்," என்றான்.
"நானும்," என்றேன்.
இதில் எத்தனை மெய் என்று கண்டுபிடிக்க
என்னிடம் சூத்திரம் இல்லை.

சுறாவை அழித்தோம்.
அதை முதலில் அழித்தது புவிதரன்தான்.
தலைப்பை மட்டும் வேறெங்கோ சேமித்துவைத்திருக்கிறான்,
எனக்குத் தெரியும்.

மீந்ததில் முப்பத்தொரு வீதம்
எதனோடும் பொருந்தவில்லை.
வேறு கடல்களுக்காகக் கட்டிய களஞ்சியம்;
எங்கள் சேற்றில் புரளும் எதுவும்
அங்கே போய்ப் பெயர் பதிந்ததில்லை.
'அறியப்படாதவை' என்று ஒரு நிரல்.
ஏனோ, நான் அடிக்கடி திறப்பது அதைத்தான்.

வெள்ளியன்று கிறகோரி கோல் எடுத்தார்.
"இறால்?"

நாங்கள் போட்ட தூண்டில்
முள்ளந்தண்டு உள்ளதை மட்டும் கொத்தும்.
இறாலுக்கு முள்ளந்தண்டு இல்லை.
அது இருந்திருக்கலாம், கோடி கோடியாய்,
பன்னிரண்டு குப்பிகளிலும்.
எங்கள் காதில் விழ வழியில்லை.

இதை எப்படியோ சொல்லி முடித்தேன்.
அந்தப் பக்கம் மோட்டார்ச் சத்தம், காற்று.
"அப்ப நான் கேட்டத
நீங்க கேக்கவேயில்ல."

இல்லை, என்றேன்.
அடுத்த கிழமை தோணி வேண்டும், என்றேன்.
சோறு வெளியில் சாப்பிடுவோம்.