மேலுதடு

ஓய்வூதியப் படிவத்தில் ஒரு கட்டம்:
பணியில் பட்ட காயம்.
குமாஸ்தா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு
என் வாயைப் பார்க்கிறார்.

பதினாறு என்று சொல்லித்தான் சேர்ந்தேன்.
பதினாலுகூட நிறையவில்லை.
சார்ஜென்ட் ஹன்னிகனுக்கும் தெரியும்.
"பல் இருக்கிறதா? ஊது" என்றார்.
ஊதினேன்.
கொட்டிலிலிருந்து ஒரு கோவேறு கழுதை பதில் சொன்னது.

கம்பெனிக்கெல்லாம் செம்பழுப்புக் குதிரைகள்.
எக்காளக்காரனுக்கு மட்டும் வெள்ளை.
புழுதியிலும் புகையிலும் கேப்டன் என்னைத் தேடக் கூடாதாம்.
எதிரியும் தேட வேண்டியதில்லை என்பதை
நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

தீனி அழைப்பில் முதல் மூன்று சுரம் போதும்,
நாற்பது தலைகள் ஒன்றாய்த் திரும்பும்.
அந்த அரை நிமிஷம் நான் ராஜா.
மற்ற நேரமெல்லாம் சாணி.

நவம்பர்.
எங்கள் வரைபடத்தில் பெயரில்லாத ஓர் ஓடை
(அவர்களிடம் பெயர் இருந்திருக்கும்).
விடியுமுன் ஷயென் கூடாரங்களின் மேல் இறங்கினோம்.
எக்காளத்தை அக்குளில் வைத்துச் சூடேற்ற மறந்திருந்தேன்.
பித்தளை உதட்டைக் கவ்வியது.
இழுத்தேன், தோலோடு வந்தது.
பாய்ச்சல் அழைப்பில் பாதிதான் வெளியே வந்தது,
மீதி ரத்தம்.
குதிரைகளுக்கு அந்தப் பாதி போதுமாயிருந்தது.

மதியம் எரித்தோம்.
தோல், கம்பம், குளிர்காலத்துக்குச் சேர்த்த எருமை இறைச்சி.
அந்த மணத்தில் எனக்கு நாவூறியது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

சாம்பலோரம் ஒரு சிறு ஊதல், ஏதோ பறவை எலும்பு.
முனையில் கடித்த தடம்,
என் பல்லைவிடச் சின்னப் பல்.

பிடிபட்ட குதிரைகள் பள்ளத்தில் நின்றன, நூற்றுக்கு மேல்.
ஓட்டிப்போக ஆளில்லை. சுடச்சொல்லி உத்தரவு.
தோட்டாக்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
நான் நல்ல பக்கத்து உதட்டால்,
விளையாட்டாகத்தான்,
எலும்பை ஊதினேன்.

ஒரு புள்ளிக்குதிரை தலை நிமிர்ந்தது.
கூட்டத்தை முட்டி விலக்கி வந்தது.
என் கையை மோந்தது, சட்டையை மோந்தது,
மறுபடி கையை.
நான் அவனில்லை என்று தெரிந்தபிறகும் போகவில்லை.

"விலகுடா பையா" என்றார் ஹன்னிகன்,
கடுமையாகக்கூட இல்லை.
விலகினேன்.

சாயங்காலம் தீனி அழைப்பு ஊத வேண்டியிருந்தது.
உதடு வீங்கிவிட்டது என்றேன்.
அதுவும் உண்மைதான்.

"மேலுதடு" என்கிறேன் குமாஸ்தாவிடம். "குளிரில்."
எழுதிக்கொள்கிறார்.
மீசை வைத்தால் மறைந்துவிடுமே, என்கிறார்.

அந்த இடத்தில் முளைப்பதில்லை.