பட்டேன்

ஞாயிறு மதியத்துக்குள் ஒன்பது முறை செத்திருந்தேன்.
வில்யாண்டிக்குக் கிழக்கே, பன்றிகள் போய்விட்ட பண்ணை,
கூரையில் பாதி வானம்.
வெள்ளைக் குண்டு ஒன்று, ஆறு மில்லிமீட்டர்,
தோளில் சுரீரென்றதும்
கை தூக்கிக் கத்த வேண்டும்: "பட்டேன்!"
பிறகு நடந்துபோய்
பழைய தீவனத் தொட்டியைத் தொட்டால்
உயிர் வந்துவிடும்.
தொட்டியருகே மாரெக் சாசேஜ் வாட்டுவான்.
ஒரு கடி கடித்துக்கொண்டு
மறுபடி சாகப் போகலாம்.

எதிரணி என்றால் கையில் மஞ்சள் நாடா.
எங்களுக்கு ஆள் குறைந்தால்
ஹெல்வே அதை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டு
இந்தப் பக்கம் வந்துவிடுவாள்.
பகையின் நீளம் அங்கே ஒரு முழம்.

செப்டம்பரில் மற்றதற்குப் போனேன்.
முப்பது மணி நேரம், நூற்று நாற்பது பேர்,
பதினோரு பக்க விதிகள்.
இல்லாத இரண்டு நாடுகள்,
அவற்றுக்கிடையே முறிந்துபோன இல்லாத ஒப்பந்தம்.
ஞாயிறுகளில் முந்நூறு குண்டு ரொப்பிக்கொண்டு
ஆலங்கட்டி மழையாய்க் கொட்டுவோம்;
இங்கே எண்ணி முப்பது.
பட்டால் விழ வேண்டும்.
சிவப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு
பத்து நிமிடம் கிடக்க வேண்டும்.
மருந்துப் பை தூக்குபவர் வந்தால் பிழைப்பு.
வராவிட்டால் சாவு.
சாவு என்பது நாலு கிலோமீட்டர் நடை,
பிறகு கூடாரத்தில் இரண்டு மணி நேரம் பெஞ்சு.

எனக்குக் கிடைத்தது
சதுப்புக் காட்டில் ஒரு மண்சாலை முச்சந்தி.
இரவு எட்டு முதல் விடியும் வரை காவல்.
நான் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவள்.
பக்கத்தில் படுத்திருந்த ராய்வோ
பல் செட் செய்பவர்.
எங்கள் இருவரையும் நம்பி ஒரு நாடு.

யாரும் வரவில்லை.
ஒரு மூஸ் மான் வந்தது;
கடவுச்சொல் கேட்க வாயெடுத்தேன், போய்விட்டது.
மணிக்கொரு தரம் ரேடியோ: "நிலைமை?"
"ஒன்றுமில்லை."
காலுறைக்குள் கறுப்புத் தண்ணீர்.
ராய்வோ தன் விவாகரத்தைத்
தவணை தவணையாகச் சொன்னார்,
சுள்ளி முறியும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நிறுத்தி,
காது கொடுத்து, தொடர்ந்து.
வீட்டை விற்ற இடத்தில் விடிந்துவிட்டது.
முப்பதும் முப்பதாகவே இருந்தன.

முகாமுக்குத் திரும்பும் வழியில்
எங்கிருந்தோ ஒரே ஒரு குண்டு.
முதுகுப்பை வாரில் டொக்.
பையும் உடம்புதான், ஆறாம் பக்கத்தில் இருக்கிறது.
ராய்வோ முன்னால் போய்க்கொண்டிருந்தார்.
இன்னும் இரண்டு மணி நேரத்தில் போர் முடிந்துவிடும்.
நாலு கிலோமீட்டர்.
கால் நிற்கவில்லை,
நானும் நிறுத்தவில்லை.

இந்தக் குண்டில் சாயம் கிடையாது,
தடம் கிடையாது.
பட்டதா என்பது பட்டவருக்குத் தெரியும்,
வேறு சாட்சி இல்லை.
பண்ணையிலும் சரி, சதுப்பிலும் சரி,
மொத்த ஆட்டமும் தொங்குவது
அந்த ஒற்றைச் சொல்லில்.

அடுத்த ஞாயிறு
தொட்டியருகே வழக்கமான சண்டை:
"குளிரில் கிடக்கக் காசு வேறு தருவார்களா?"
"நீங்கள் ஆடுவது பிள்ளை விளையாட்டு."
கால்மெர் கடுகு தடவிக்கொண்டிருந்தார்.
நிஜத்துக்கே இரண்டு தடவை போய்வந்தவர்,
எங்கே என்று நாங்கள் கேட்டதில்லை.
ஞாயிறுகளுக்கு மட்டும் வருவார்,
வாத்துப் படம் போட்ட சட்டையில்.
கூரை சொட்டியதா குண்டு பட்டதா என்று சந்தேகம் வந்தாலும்
கை தூக்கிவிடுவார்.
முச்சந்தியைப் பற்றி அவரிடம் சொன்னேன்.
வாரைப் பற்றிச் சொல்லவில்லை.
"காலுறை மாற்றினாயா?" என்றார்.
இல்லை என்றேன்.
தலையாட்டிவிட்டுச் சாசேஜைக் கடித்தார்.

மதியத்துக்குப் பின்,
மூன்றாம் கொட்டகையில்,
எதிரே ஹெல்வே மட்டும்,
துப்பாக்கி தரையைப் பார்க்க,
கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.
நான் எழுந்து நின்று கை தூக்கினேன்.
"பட்டேன்."
அவள் தன் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நான் தொட்டியை நோக்கி நடந்தேன்,
சுற்றுவழியாக.